டேரனுக்கு ஒரு தட்டுப் பழம்

தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எலுமிச்சம்பழம். தட்டு கம்பெனி கேன்டீனிலிருந்து வந்தது. எவ்வளவு கழுவியும் சாம்பார் வாசம் போகவில்லை.

அதைப் பிடித்துக்கொண்டு, சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் பயிற்சி மைதானத்தின் நடுவட்டத்தில் நின்றேன். காலை வெயில் அப்போதே கழுத்தைச் சுட ஆரம்பித்திருந்தது. எதிரில் டேரன், தோளில் ஈரத் துண்டோடு. கோட்டுக்கு வெளியே முதலாளி, நாற்காலி போட்டு. சுற்றிலும் அணி மொத்தமும் கை கட்டி நின்றது.

எலுமிச்சம்பழம் தட்டில் உருண்டுகொண்டே இருந்தது. அது கீழே விழுந்தால் அதற்கும் தனியாக ஒரு தட்டு வைக்கச் சொல்வார்களோ என்று எனக்குப் பயம்.

நான் செய்த குற்றம் இதுதான்: கால்பந்துப் பயிற்சியில் ஒரு கால்பந்து ஆட்டக்காரனின் காலிலிருந்து பந்தைப் பறித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் பழத்தட்டு. எங்கள் ஊர் மரியாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று இதுவரை தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தத் தொடரை இன்றுதான் முதலில் புரட்டுகிறவர்களுக்காக: என் பெயர் குமரேசன். சோமனூர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறி ஷெட்டுக்குப் போனேன். பிறகு கால் நன்றாக ஓடியதால் ஒரு பம்ப் கம்பெனியின் கால்பந்து அணியில் மிட்ஃபீல்டராகச் சேர்ந்தேன். பெயருக்கு ஸ்டோர்ஸில் வேலை, சம்பளம் ஆட்டத்துக்கு. (போன வாரம் மாமனார் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதியதில் என் மனைவி இன்னும் சரியாகப் பேசவில்லை. இந்த வாரம் யாரெல்லாம் பேசாமல் போவார்களோ.)

சிங்கம் வந்திறங்கியது

வெளிநாட்டுக்காரர் ஒருவரை அணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் லீக்கில் அனுமதி வந்த வருஷம். மற்ற கம்பெனிகள் ஆப்பிரிக்காவிலிருந்து இளவட்டங்களைக் கூட்டி வந்தன. எங்கள் முதலாளிக்கு இங்கிலாந்துதான் வேண்டும்.

முதலாளி வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், வெளியில் கொங்குத் தமிழ். பம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கால்பந்தைப் பற்றித் தெரிந்தது, அவர் மொபைலில் வந்த ஒரு வீடியோ மட்டும். இங்கிலாந்தில் ஒரு கோப்பைப் போட்டி, மழை, வெளிச்ச விளக்குகள். உலகப் புகழ் பெற்ற ஒரு ஆட்டக்காரன் பந்தோடு ஓடி வருகிறான். குறுக்கே ஒருவன் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிப் பறிக்கிறான். புகழ் பெற்றவன் அந்தரத்தில் புரண்டு விழுகிறான். அரங்கம் கத்துகிறது.

பறித்தவன்தான் டேரன். முதலாளி அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். எந்த வருஷத்து வீடியோ என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்றும் கேட்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து சூலூர் வரைக்கும் ஃப்ளெக்ஸ். ‘இங்கிலாந்து சிங்கமே வருக’. சிங்கம் இறங்கி வந்தபோது வலது காலை லேசாக இழுத்து வைத்தது. நான் கவனித்தேன். கெட்டது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிற கண் எனக்கு. வெளியில் சொல்லவில்லை. மாலை போடும் நேரத்தில் அதையெல்லாம் சொன்னால் நம்மை மனிதனாக மதிப்பார்களா?

முதல் இரண்டு ஆட்டம் முடிந்ததும் முதலாளி கோச்சைக் கூப்பிட்டார். எங்கள் கோச் விமானப்படையில் விளையாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பாவம், நல்ல மனிதர்.

“ஏனுங்க கோச், இவரு ஏனுங்க கோலே போட மாட்டீங்கறாரு?”

“இவரு மிட்ஃபீல்டருங்க. நடுவுல இருந்து பந்தை எடுத்துக் குடுப்பாருங்க. மத்தவிங்க கோல் போடுவாங்க.”

“அப்படீன்னா அந்த மத்தவிங்கள்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே?”

என் வாழ்க்கையில் பாதியை இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே கழித்தேன். மிட்ஃபீல்டர் என்றால் நம் ஊரில் கல்யாணத்தில் பந்தி பார்க்கிறவன் மாதிரி. சாப்பாடு சரியாகப் போனால் அவனை ஒருத்தருக்கும் தெரியாது. சாம்பார் தீர்ந்தால்தான் “எங்கய்யா அவன்?” என்பார்கள்.

இரவல் அண்டா

டேரன் தன் கதையை மெஸ்ஸில் சாப்பிடும்போது சொல்வான். (அவன் என்று எழுதுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.) மொழிபெயர்ப்பு எங்கள் கோல் கீப்பர் சலீம். கோட்டைமேட்டில் பாத்திரக்கடைக் குடும்பம், பிளஸ் டூ வரைக்கும் படித்தவன், வாய் மட்டும் அதற்கு மேலே படித்தது.

எட்டு வயதில் டேரனை ஒரு பெரிய கிளப் எடுத்துக்கொண்டதாம். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்ததாம். பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்டான். பதினெட்டு வயதில் கம்பளம் விரித்த ஒரு அறைக்குக் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ரொம்ப மரியாதையாகப் பேசி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு சின்ன கிளப்புகள். அங்கே ஒரு வழக்கம் உண்டாம், ஒரு கிளப் தன் ஆளை இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுக்கும்.

“அண்டா மாதிரிங்களா?” என்று கேட்டேன்.

சலீம் அதை எப்படியோ மொழிபெயர்த்தான். டேரன் வெகு நேரம் சிரித்தான். “ஆமாவாம், அதும் அடிப்பிடிச்ச அண்டாவாம்,” என்றான் சலீம்.

குளிரில் காலுக்குப் போர்வை போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வருஷங்கள்தான் அதிகம். நடுவில் அந்த ஒரு ராத்திரி, அந்த ஒரு வீடியோ. அப்புறம் முழங்கால் போனது. ஆபரேஷன். சைப்ரஸ், மால்டா என்று வெயில் அடிக்கிற ஊர்களாகத் தேடிப் போய், கடைசியில் எங்கள் ஊர் வெயிலுக்கு வந்து சேர்ந்தான்.

இதைத்தான் ‘கேரியர்’ என்கிறார்கள். எனக்குத் தெரிந்த கேரியர் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது. திறந்தால் உள்ளே ஏதாவது இருக்கும்.

வாங்கு, திரும்பு, கொடு

ஆட்டம் இல்லாத நாளில் டேரனை விழாக்களுக்குக் கூட்டிப்போனார்கள். ஷோரூம் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, கிணத்துக்கடவில் முதலாளியின் சம்பந்தி வீட்டுக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் தென்னந்தோப்புக்குள் மேடை போட்டு, மாப்பிள்ளையை விட்டுவிட்டு டேரனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் வரிசையில் வந்து நின்றார்.

அவனுக்கு ஒரே வேலைதான். யாராவது ஒரு பழத்தட்டை அவன் கையில் கொடுப்பார்கள். அவன் வாங்கி, பக்கத்தில் நிற்கிற ஆள் பக்கம் திரும்பி, தட்டைக் கொடுத்து, ஒரு துண்டைப் போர்த்தி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கம்பெனி போட்டோக்காரர் நிழல் மாதிரி பின்னாலேயே போவார். எடுத்த நிமிஷமே படம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏறிவிடும்.

முதலில் தடுமாறினான். பிறகு தூக்கத்தில் எழுப்பினாலும் செய்கிற அளவுக்குப் பழகிவிட்டான்.

யாரும் தொடாத ஆள்

பயிற்சியில் நடந்ததுதான் பெரிய கூத்து. டேரனிடம் பந்து போனால் எங்கள் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். விருந்தாளி காலைத் தட்டலாமா? முதலாளி வேறு காரில் உட்கார்ந்து பார்க்கிறார். “டேரன் சாருங்க, இக்கட்டால, இந்தப் பக்கம் குடுங்க”, “டேரன் சாருங்க, பின்னால ஆளு வருதுங்க” என்று மைதானம் முழுக்க ஒரே மரியாதை. பின்னால் வருகிற ஆளும் மரியாதையாக நின்றுவிடும்.

டேரன் வெண்ணெயில் கத்தி மாதிரி போய்க்கொண்டிருந்தான். முதலாளிக்கு ஆனந்தம். “பாருங்க, ஒருத்தரால தொட முடியுதுங்களா?”

சலீம் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வான்: “மாப்ளே, இப்ப எங்க அத்தாவைக் கூட்டியாந்து உட்டாலும் ரெண்டு கோல் போட்டுப்போடுவாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோச் வந்து சொல்லியிருந்தார்: சீசன் முடிந்ததும் அணியைச் சுருக்கப்போகிறார்கள், டேரன் இருக்கும்போது இன்னொரு மிட்ஃபீல்டர் எதற்கு என்று முதலாளி கேட்கிறார். அணியில் இடம் இல்லாதவர்களுக்கு ஸ்டோர்ஸும் இல்லை. ஃபவுண்டரிக்குப் போக வேண்டும்.

ஃபவுண்டரி என்றால் மணலும் கரியும் புகையும். எனக்கோ தறி ஷெட்டில் சின்ன வயதிலேயே பஞ்சுத் தூசு நெஞ்சில் ஏறிவிட்டது. திறந்த வெளியில் ஓடினால் ஒன்றும் தெரியாது. தூசுக்குள் நின்றால் மூச்சு விசில் அடிக்கும். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, முதலாளிகிட்ட நீங்களே போயி நெஞ்சுக் கதையைச் சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?” என்றாள் என் மனைவி சுமதி.

“நெஞ்சு செரியில்லாதவரு எப்படீங்க மேட்ச் ஆடறீங்கன்னு கேட்டா என்ன சொல்லறது அம்மணி?”

“அப்ப ரெண்டு பக்கமும் போச்சுங்களா?”

அன்று சாப்பாடு இறங்கவில்லை. பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் எனக்கு என்ன தெரியும்?

உதை கேட்டவன்

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் டேரன் என்னையும் சலீமையும் நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது. என்னைக் காட்டி ஏதோ கத்தினான்.

“ஏன் என்னை யாரும் உதைக்க மாட்டீங்கறீங்கன்னு கேக்கறான்,” என்றான் சலீம்.

“விருந்தாளிங்கன்னு சொல்லு.”

சொன்னான். டேரன் தரையில் துப்பினான். அதற்குப் பிறகு மெதுவாகப் பேசியதைச் சலீம் அப்படியே சொன்னான்: “என்கிட்ட இத்தனை மரியாதையா நடந்துக்கிட்டது, பதினெட்டு வயசுல என்னை ஊட்டுக்கு அனுப்புனவிங்க மட்டும்தான். இந்த முழங்கால் நிக்குமா நிக்காதான்னு எனக்கே தெரியல. ஒருத்தன் உதைச்சாத்தான் தெரியும்.”

எனக்கும் அவனுக்கும் பொது மொழி இல்லை. ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு வாய் தேவைப்படாது. ஷெட்டில் கையாலும் உதட்டு அசைவாலும்தான் பேச்சு. அவன் என் காலைக் காட்டினான், தன் காலைக் காட்டினான், நாளைக்கு என்று சூரியனைக் காட்டினான். ரொம்பத் தெளிவாகப் புரிந்தது. புரியாத மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் என் இரண்டு கால்களுக்கு நடுவே பந்தை விட்டு எடுத்துப் போனான். திரும்பி வந்து இன்னொரு முறை. மூன்றாவது முறை என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “வணக்கமுங்க” என்றான். சலீம் சொல்லிக்கொடுத்த தமிழ்.

அந்த ‘ங்க’தான் என்னைக் கிளப்பியது. சறுக்கினேன். சுத்தமான டேக்கிள். பந்துதான் முதலில் வந்தது, அவன் அப்புறம் வந்தான். அந்த வீடியோவில் புகழ் பெற்றவன் விழுந்த மாதிரியே அந்தரத்தில் புரண்டு விழுந்தான்.

எழுந்தான். முழங்காலை மடக்கி நீட்டினான், சத்தமாகச் சிரித்தான், அடுத்த பந்தில் என் கணுக்காலில் வாங்கிய கடனைத் தீர்த்தான். அன்றிலிருந்து எனக்கு அவன் ‘அவன்’தான்.

காரிலிருந்து முதலாளி இறங்கினார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே விமானப்படை ஜெட் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் கோச்சிடம் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. உதடு படிக்கத் தெரிந்தவனுக்கு ஜெட் என்ன செய்யும்?

“குமரேசனை ஃபவுண்டரிக்கு மாத்திப்போடுங்க.”

ஜெட் போனதும் என்னிடம் வந்தார். அவர் யாரையும் ஒருமையில் பேச மாட்டார். அதுதான் இன்னும் பயம். “ஏனுங்க குமரேசு, ஊடு தேடி வந்தவரை இப்படிப் பண்ணிப்போட்டீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? நாளைக்கு ஒரு தட்டுப் பழம் வெச்சு, சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுப்போடுங்க. அப்புறம் மத்ததைப் பாக்கலாமுங்க.”

மற்றது என்னவென்று எனக்குத் தெரியும். ஒருவன் பந்தைப் பறித்த வீடியோவைப் பார்த்துத்தான் இவர் அவனை வாங்கினார். அவனிடமிருந்து ஒருவன் பந்தைப் பறித்தால் அது குற்றம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நடுவட்டம்

ஆக, நான் தட்டோடு நிற்கிறேன்.

“மன்னிச்சுக்குங்க,” என்று தட்டை நீட்டினேன். கண் முன்னால் கரி மணல்தான் தெரிந்தது.

டேரன் தட்டைப் பார்த்தான். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியதைப் பார்த்தான். தட்டை வாங்கினான். நேர்த்தியாக ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கத்தில் வந்து நின்றான். தட்டை என் கையிலேயே கொடுத்தான். தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினான். கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

சலீம்தான் முதலில் கை தட்டினான். பிறகு எல்லாரும். பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியாது, மேடை என்றால் தட்டிப் பழக்கம். வியர்வைத் துண்டு என் கழுத்தில் சொட்டியது.

படம் அந்த நிமிஷமே ஏறிவிட்டது. போட்டோக்காரர் வழக்கம்போல வாசகமும் போட்டுவிட்டார்: ‘உள்ளூர் வீரருக்கு இங்கிலாந்து நட்சத்திரம் மரியாதை’. பயிற்சி முடிவதற்குள் முதலாளிக்கு ஃபோன் மேல் ஃபோன். அமெரிக்காவில் இருக்கிற மகள், மில்காரர்கள், பக்கத்துக் கம்பெனி முதலாளிகள். எல்லாருக்கும் ஒரே பேச்சு: நம்ம பையன் ஒருத்தனை வெள்ளைக்காரன் கையால் கௌரவிக்க வைத்தீர்களே, உங்களுக்குப் பெரிய மனசு.

முதலாளி ஃபோனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். “ஆமாங்க, நாந்தானுங்க பண்ணச் சொன்னேன்,” என்றார்.

ஃபவுண்டரிப் பேச்சு அன்றோடு செத்தது. கௌரவித்த ஆளை எப்படிக் கரி அள்ள அனுப்புவது? அந்தப் படத்தைப் பெரிதாக்கி ரிசப்ஷனில் மாட்டினார்கள்.

டேரன் தெரிந்து செய்தானா, பழக்கத்தில் செய்தானா? “பழக்கம்தான், மாடு செக்கைச் சுத்தற மாதிரி,” என்றார் கோச். “அவன் பலே ஆளு மாப்ளே,” என்றான் சலீம். நேராகக் கேட்கலாம் என்றால் எனக்குப் பயம். தெரியாமல் செய்தேன் என்று அவன் சொல்லி, அது முதலாளி காதுக்குப் போனால்?

கடைசி ஆட்டம்

சீசனின் கடைசி ஆட்டம் ஒரு சென்னை அணியோடு. அவர்களுக்கு ‘ங்க’ கிடையாது. முதல் நிமிஷத்திலிருந்தே டேரனை உதைத்தார்கள். அவனும் உதைத்தான், கத்தினான், எங்களுக்குப் புரியாத கெட்ட வார்த்தையில் எங்களையே திட்டினான். அன்றைக்குத்தான் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். பக்கத்தில் ஓடிக்கொண்டே பார்த்தேன். பந்து வருவதற்கு முன்பே அது போகிற இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கோலுக்கு அவன்தான் எடுத்துக் கொடுத்தான். போட்ட பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவனை ஒருவரும் பார்க்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு, சுற்றிலும் ஆளே இல்லாத இடத்தில் தனியாகத் திரும்பினான். விழுந்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தறியில் கட்டை முறிகிற சத்தம்.

முதலாளி ஓடி வந்தார். “ஏனுங்க, யாருங்க உதைச்சது?”

“யாருமில்லீங்க,” என்றார் கோச்.

“யாருமே உதைக்காம எப்படிங்க உளுவாரு?”

யாரிடம் பழத்தட்டு கேட்பது என்று தெரியாமல் அவர் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டுக்கு ஒன்றில் தோற்றோம்.

ஃப்ளெக்ஸை அந்த வாரமே கழற்றினார்கள். அடுத்த வருஷம் முதலாளி கால்பந்தை விட்டு மாரத்தானுக்குப் போய்விட்டார். அதில் எல்லாரும் ஓடுவார்கள், கோல் ஏன் போடவில்லை என்று கேட்க வேண்டியதில்லை. அணியில் பலர் ஃபவுண்டரிக்குப் போனார்கள். படத்தில் இருக்கிறவன் மட்டும் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். ரிசப்ஷனுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தால் நானும் போய்விடுவேன். படத்தைத் திரும்ப மாட்டுகிற வரைக்கும் அங்கேயே நிற்பேன்.

டேரனை அனுப்பி வைக்க விமான நிலையத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், டிரைவர். கூட நானும் சலீமும். மாலை இல்லை, போட்டோக்காரர் இல்லை. ஊன்றுகோலோடு அவன் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனான். பாஸ்போர்ட்டை எடுத்தாயா என்று நான் கைஜாடையில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

கதவுக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தான். ஊன்றுகோலில் சாய்ந்து, நல்ல காலால் என் கணுக்காலில் ஒரு உதை விட்டான். நானும் விட்டேன், அதே நல்ல காலில்.

பக்கத்தில் மகனை வழியனுப்ப வந்த ஒரு அம்மா பதறிவிட்டார். “ஏனுங்க தம்பி, காலொடஞ்ச மனுசனைப் போயி உதைக்கறீங்களே! அதும் வெளியூர்க்காரரை!” என்றவர், கைப்பையைத் திறந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, “அவிங்க தெரியாமப் பண்ணிப்போட்டாங்க, மனசுல வெச்சுக்காதீங்க சாமி,” என்று டேரனிடம் நீட்டினார்.

டேரன் வாங்கினான். ஊன்றுகோலோடு ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கத்தில் வந்து நின்றான். ஆரஞ்சை என் கையில் கொடுத்தான். பிறகு, அங்கே இல்லாத கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.